சதுர அடைப்புக்குள்ளே

"டீச்சர், ஒரு வரியைத் தேடணும்."

"என்ன வரி ஐயா?"

"தெரியாது."

"யார் எழுதினது?"

"என் வீட்டுக்காரி."

"அவங்க பேரைப் போட்டுத் தேடிப் பார்த்தீங்களா?"

"இந்த ஏட்டுல யார் பேரும் இருக்காதே."

தையல்நாயகி டீச்சர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

"உட்காருங்க."

அமிர்தலிங்கம் தம் அறுபத்தோராவது வயதில், இருபத்தொன்பது வயதுக் குருவுக்குச் சீடரானது இப்படித்தான்.

*

எங்கள் மடம் காவேரிக்கரையில் இருக்கிறது. ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் தங்கப் பன்னிரண்டு அறைகள். வாடகை கிடையாது. சிபாரிசும் செல்லாது. புறப்படுகிற அன்று ஏட்டில் நாலு வரி எழுதினால் போதும்.

அதிலும் ஒரு கட்டளை உண்டு. பெயர் எழுதக் கூடாது, ஊர் எழுதக் கூடாது, தேதியும் கூடாது. மடத்தை ஆரம்பித்த சாமியார் போட்டது. விலாசம் தெரிந்தால் பின்னால் மடத்தை நடத்த வருகிறவர்கள் நன்கொடை கேட்டுக் கடிதம் போடுவார்கள் என்று பயந்தாராம். மனிதருக்கு எங்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஐம்பத்திரண்டு வருஷத்தில் முப்பத்தொரு நோட்டுகள் சேர்ந்தன. பிறகு கரையான் வந்தது. தையல் விட்டுப் பக்கங்கள் கலைந்து, எது முன், எது பின் என்று தெரியாமல் போயிற்று. கோர்ட் வாசலில் டைப் அடிக்கும் ஜெய்துன் பீவி அத்தனையையும் வீட்டுக்கு எடுத்துப் போய், நாலு வருஷம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தார்.

அடித்து முடித்த நோட்டுகளை ஆடிப்பெருக்கன்று மஞ்சள் குங்குமம் வைத்து ஆற்றில் விட்டோம். பழைய ஏட்டை எரிக்கக் கூடாது, எடைக்கும் போடக் கூடாது. அது இந்தப் பக்கத்து வழக்கம். அந்த வருஷம் தண்ணீரும் நன்றாக வந்தது. முப்பத்தொரு நோட்டும் போய்விட்டன.

மிச்சம் ஒரே ஒரு கோப்பு. ஒருவர் எழுதியது எத்தனை வாக்கியமானாலும் கோப்பில் ஒரே வரி; அப்படிப் பதினோராயிரத்து நானூறு வரிகள். அது மடத்தின் பின்கட்டில், பெண்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் டீச்சரின் கம்ப்யூட்டரில் இருந்தது.

*

அமிர்தலிங்கம் முப்பத்து நாலு வருஷம் ரயிலில் டி.டி.ஆராக இருந்தவர். கறுப்புக் கோட்டைக் கழற்றிய மறுமாதமே மடத்துக்குச் சேவை செய்ய வந்துவிட்டார். சேவை என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

டீச்சரிடம்தான் உண்மையைச் சொன்னார்.

"இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால, கோமளத்துக்கு நாற்பது நாள் கரண்ட் வச்சாங்க டீச்சர். புத்துக்கு வைப்பாங்களே, அது. ஏழாம் நம்பர் ரூம். அவ அக்கா கூட இருந்தாங்க."

"நீங்க?"

"நான் லீவு போடல."

டீச்சர் நாற்காலியைக் கொஞ்சம் அருகே இழுத்துக்கொண்டார்.

"டியூட்டி முடிச்சு விடிகாலை நாலரை வண்டியில இறங்குவேன். மூணு மணி நேரம் பக்கத்துல இருப்பேன். மறுபடி வண்டி ஏறிடுவேன். லீவு கேட்டா கொடுத்திருப்பாங்க. நான் கேக்கல. ஆஸ்பத்திரி வாசனையைத் தாங்க முடியல."

"அவங்க எதாவது சொன்னாங்களா?"

"கடைசி நாள் சொன்னா. 'ஏட்டுல எழுதிட்டேன். என்னன்னு கேக்காதீங்க. ஒருநாள் நீங்களே தேடிப் படிங்க'ன்னா. வீட்டுக்குப் போய் எட்டாம் நாள் போயிட்டா."

"அப்பவே வந்து படிச்சிருக்கலாமே ஐயா."

"பயம். திட்டி எழுதியிருந்தா?"

பயம் தெளிந்து அவர் வந்தபோது நோட்டுகள் ஜெய்துன் பீவியின் வீட்டில் இருந்தன. அங்கே போய்க் கேட்கக் கூச்சம். கூச்சம் தெளிவதற்குள் நோட்டுகள் ஆற்றுக்குப் போய்விட்டன.

"பதினோராயிரம் வரிதானே. உட்கார்ந்து படிச்சிரலாமே?" என்றார் டீச்சர்.

"கண் ஒத்துழைக்காது டீச்சர். அதோட, ஊரார் வலியை எல்லாம் படிக்கத் தெம்பில்ல. என் வரி ஒண்ணு போதும்."

*

டீச்சர் கற்றுக்கொடுத்தார்.

ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று அதற்குப் பெயர். டீச்சர் 'சாயல்' என்றுதான் சொல்வார். இன்ன சொல் என்று சொல்லித் தேடாமல், இன்ன மாதிரி இருக்கும் என்று சொல்லித் தேடுவது.

"போன் நம்பர் எதுன்னு தெரியாது. ஆனா பத்து இலக்கம்னு தெரியும். பத்து இலக்கம் சேர்ந்தாப்ல எங்க இருந்தாலும் காட்டுன்னு கேட்கலாம். கேட்டா காட்டும்."

"புரியுது. டிக்கெட் இல்லாதவன் பேர் எனக்கு எப்பவும் தெரியாது. ஆனா அவன் நிக்கற நிலை தெரியும்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. "அதேதான் ஐயா."

புள்ளி வைத்தால் எந்த எழுத்தும் பொருந்தும். நட்சத்திரம் வைத்தால் எத்தனை எழுத்தானாலும் பொருந்தும். இரண்டு நாளில் அமிர்தலிங்கத்துக்குக் கை வந்துவிட்டது. மனிதருக்குப் பிடிப்பதில் பழக்கம் உண்டு.

"இந்தத் திரையில ரெண்டு பெட்டி இருக்கு. மேல 'தேடு', கீழ 'மாற்று'. நீங்க மேல இருக்கிறதோட நில்லுங்க."

"கீழ என்ன இருக்கு?"

"கண்டுபிடிச்சதை எடுத்துட்டு வேற ஒண்ணை வைக்கிறது. ஒண்ணும் எழுதாம விட்டா, எடுத்துட்டு அப்படியே விட்டுடும்."

"பிடிச்சு இறக்கி விடறது."

"அவசரப்படாதீங்க ஐயா."

"எனக்கென்ன அவசரம்?" என்றார் அமிர்தலிங்கம். பிறகு வழக்கமான புகாருக்குப் போனார். "காலையில வந்தா கேட் பூட்டிக் கிடக்கு டீச்சர். ஆறு மணிக்குத்தான் திறப்பாங்களாம். அந்தக் காலத்துல இந்த மடத்துக்குப் பூட்டே கிடையாது. நாலரைக்கு வந்தாலும் திறந்தே கிடக்கும். நேரே உள்ள வருவேன். இப்ப யாருக்கும் யார் மேலயும் நம்பிக்கை இல்ல."

இதை அவர் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லுவார்.

*

'ரயில்' என்று தேடினார். நூற்றுத் தொண்ணூறு வந்தது. ஒன்றும் கோமளம் இல்லை.

'டிக்கெட்' என்று தேடினார். 'முருகா' என்று தேடினார். அவள் நாளைக்கு நூறு தடவை கூப்பிட்ட முருகன், ஏட்டில் வேறு யார் யாரையோ காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

'லீவு' என்றும் தேடிப் பார்த்தார். அப்போது மட்டும் திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். பதினொன்று வந்தது. அதிலும் இல்லை.

"அவ எழுத்து எனக்குத் தெரியும் டீச்சர். அச்சடிச்ச மாதிரி இருக்கும். சுத்தமா, கோணாம எழுதுவா. பேச்சும் அப்படித்தான். பார்த்தா நொடியில சொல்லிடுவேன். ஆனா மாட்ட மாட்டேங்குது."

"ஏன்னு தெரியுதா?"

"தெரியும். எல்லாம் இந்தக் குப்பையாலதான்."

அவர் காட்டியது ஜெய்துன் பீவி போட்ட குறிப்புகளை. டைப் அடித்த அம்மாள் இடையிடையே சதுர அடைப்புப் போட்டு ஏதாவது எழுதியிருந்தார். [மைக் கறை]. [இரண்டு சொல் அடித்திருக்கிறது]. [எண்ணெய் பட்டு மங்கிவிட்டது]. [இங்கே எழுத்து ஏறி இறங்குகிறது]. அப்படி ஒன்பதாயிரத்துச் சொச்சம்.

"ஒரு வாக்கியம் போயிட்டிருக்கும்போதே நடுவுல வந்து உட்கார்ந்துக்குது டீச்சர். வாக்கியம் ரெண்டா போயிடுது. அப்புறம் என் தேடல்ல எப்படி மாட்டும்? டைப் அடிக்கச் சொன்னா அடிக்கணும். கறை இருக்கு, எண்ணெய் இருக்குன்னு நமக்கு எதுக்கு?"

"எதுக்குன்னு ஜெய்துன் அக்காகிட்டக் கேட்டீங்களா?"

"இதையெல்லாமா போய்க் கேட்பாங்க?"

டீச்சர் எழுந்து, மாலை வகுப்புக்கு வந்த பெண்களைப் பார்க்கப் போனார்.

*

அன்றைக்கே அது நடந்தது.

அமிர்தலிங்கம் தேடு பெட்டியில் இப்படி எழுதினார்:

\[.*\]

திறக்கும் அடைப்பு, நடுவில் எதுவானாலும் எத்தனையானாலும், மூடும் அடைப்பு. சரியாகத்தான் இருந்தது. மாற்று பெட்டியில் ஒன்றும் எழுதவில்லை. 'எல்லாவற்றையும் மாற்று' என்ற பொத்தானை அழுத்தினார்.

கண் இமைப்பதற்குள் ஒரு சதுர அடைப்புகூட இல்லை. முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் ஒரே அழுத்தில் இத்தனை பேரை அவர் வண்டியை விட்டு இறக்கியதில்லை. சேமித்தார். மூடினார். போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார்.

திரும்பி வந்து திறந்தார். முதல் வரியைப் படித்தார்.

'என் மகன் பிழைத்து'

அவ்வளவுதான். பிழைத்து என்ன ஆனான் என்று இல்லை.

கீழே போனார்.

'அப்பாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்த அந்த'

இன்னும் வெகுதூரம் கீழே.

'கேட் சாவியை என்னிடம் கொடுத்துவைத்ததற்கு நன்றி.'

இது முழுசாக இருப்பதாகத் தோன்றியது. சாவி கொடுத்ததற்கெல்லாமா நன்றி என்று நினைத்துக்கொண்டே இன்னும் கீழே போனார். நல்ல வரிகளுக்கு நடுநடுவே வாலில்லாத வரிகளும் வயிறில்லாத வரிகளுமாக வந்துகொண்டே இருந்தன.

திரும்பப் பெறும் பொத்தானை அழுத்தினார். மூடித் திறந்த கோப்பு பழையதை மறந்துவிட்டிருந்தது.

*

"டீச்சர், நான் ஒரு பாவம் பண்ணிட்டேன்."

டீச்சர் கேட்டார். திரையைப் பார்த்தார். அவர் எழுதிய சாயலைப் பார்த்தார்.

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"ஐயா, ஒருத்தர் இங்க ஏறுறார். 'மூடற அடைப்பு வந்தா இறங்கு'ன்னு சொல்லி அனுப்புறீங்க. வழியில நாலு மூடற அடைப்பு வருது. எதுல இறங்குவார்?"

"முதல்ல வர்றதுல."

"இந்த நட்சத்திரம் அப்படி இறங்காது. எவ்வளவு தூரம் போக முடியுமோ போகும். அந்த வரியில கடைசியா வர்ற மூடற அடைப்புலதான் இறங்கும்."

அமிர்தலிங்கத்துக்குப் புரிந்தது. ஒரு வரியில் ஒரே ஒரு குறிப்பு இருந்தால் குறிப்பு மட்டும் போயிருக்கிறது. இரண்டு இருந்தால், முதல் குறிப்பிலிருந்து கடைசிக் குறிப்பு வரைக்கும் நடுவில் மனிதர்கள் எழுதியதும் சேர்ந்து போயிருக்கிறது.

"முதல்லயே இறக்க என்ன பண்ணணும்?"

டீச்சர் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக் காட்டினார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"பிரதி இருக்கா டீச்சர்?"

"போன மாசம் இந்த மிஷின் பழுதாச்சுல்ல. பழைய பிரதி அதோட போச்சு. புதுசா எடுத்து வைக்கணும்னு இருந்தேன். வைக்கல. அது என் தப்பு."

நோட்டுகள் கடலுக்கே போய்ச் சேர்ந்திருக்கும். அமிர்தலிங்கம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கோமளத்தின் வரி போனது ஒரு பக்கம். அவள் மாதிரி எத்தனை பேர் வரியோ போயிற்றே என்று அப்போதுதான் முதல்தடவையாக அவருக்குத் தோன்றியது.

"ஜெய்துன் அக்கா வீடு தெரியுமா ஐயா?" என்றார் டீச்சர்.

*

"வாங்கண்ணே. வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிங்க."

ஜெய்துன் பீவி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அமிர்தலிங்கம் தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். குப்பை என்று தாம் சொன்னதையும் சொன்னார். அதை மறைத்திருக்கலாம். மறைக்க மனம் வரவில்லை.

அந்த அம்மாள் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார்.

"அடைப்புக்குள்ள இருந்தது நான் எழுதினதுண்ணே. போனா போகுது. நடுவுல இருந்தவங்களுமா போயிட்டாங்க?"

"போயிட்டாங்கம்மா."

"எத்தனை பேரு?"

"தெரியலம்மா."

ஜெய்துன் பீவி எழுந்து உள்ளே போனார். அடுக்களையில் டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு பென் டிரைவ். அதில் கொஞ்சம் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைத்துக் கொடுத்தார்.

"அடிச்சு முடிச்ச அன்னைக்கு எடுத்து வச்சது. எல்லாம் அப்படியே இருக்கும்."

அமிர்தலிங்கம் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கிளம்பக் கால் வரவில்லை.

"ஏம்மா அந்தக் குறிப்பெல்லாம் போட்டீங்க? யாரும் சொல்லலையே."

"டைப் அடிச்சா எல்லார் எழுத்தும் ஒண்ணாயிருதேண்ணே. நல்லா இருந்தவங்களும் கஷ்டப்பட்டு எழுதினவங்களும் ஒரே மாதிரி தெரியுறாங்க. ஒரு பக்கம், ரெண்டு வரி எழுத ஒரு மணி நேரம் ஆகியிருக்கும் போல. பேனா அழுத்தி அழுத்திப் பின்பக்கம் வரைக்கும் பள்ளம். அதை அப்படியே அடிச்சுட்டுப் போக மனசு வரல."

வாசல் வரைக்கும் வந்து, "படியைப் பார்த்து இறங்குங்க" என்றார்.

*

மடத்துக்கு வந்தபோது மோட்டார் ரிப்பேர். மேல் அறைகளில் தண்ணீர் இல்லை.

"டீச்சர், கொண்டு வந்துட்டேன்!"

"நல்லது ஐயா. அங்க வச்சிட்டு, கிணத்துல இருந்து பத்துக் குடம் தண்ணி மாடித் தொட்டியில ஊத்திட்டு வாங்க."

"நானா?"

"நீங்கதான்."

அறுபத்தொரு வயசு மனிதர். ஆனால் அன்றைக்கு அவர் எதற்கும் மறுப்புச் சொல்லும் நிலையில் இல்லை. தூக்கினார். ஆறாவது குடத்தில் மூச்சு வாங்கியது. எட்டாவதில் முழங்கால் கெஞ்சியது. பத்தாவதை ஊற்றிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கி வந்தார்.

டீச்சர் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் நீட்டினார்.

"எழுதுங்க."

"என்ன எழுத?"

"எதாவது. 'நன்றி'ன்னு எழுதுங்க."

எழுதினார். விரல் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. 'ந' கோடு தாண்டிப் போயிற்று. 'றி'யின் சுழி பாதியில் நின்றது.

டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"இது யார் எழுத்து?"

"என்னுதுதான்."

"பார்த்தா தெரியலையே ஐயா."

அமிர்தலிங்கம் சிரிக்கப் போனார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. தாளைத் திரும்ப வாங்கி உற்றுப் பார்த்தார்.

அச்சடித்த மாதிரி எழுதுவாள், சுத்தமாக எழுதுவாள், நொடியில் கண்டுபிடித்துவிடுவேன் என்று இத்தனை நாளும் அவர் தேடியது கல்யாணமான புதிதில் கடிதம் எழுதிய கோமளத்தை. நாற்பது நாள் கரண்ட் வைத்த கை எப்படி எழுதியிருக்கும் என்று அவர் ஒருதடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

"டீச்சர், அந்தச் சாயல்..."

"எந்தச் சாயல்?"

"நான் அழிக்கப் போட்டதே. இங்க ஏறிக் கடைசியில போய் இறங்குமே, அது. அதையே போட்டா? கை கோணின எழுத்துலதானே அந்தம்மா ஒண்ணுக்கு மேல குறிப்பு போட்டிருப்பாங்க."

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்.

*

பென் டிரைவில் இருந்த கோப்பைத் திறந்தார்கள். முதல் வேலையாக டீச்சர் அதற்கு இரண்டு பிரதி எடுத்தார்.

அமிர்தலிங்கம் பழைய சாயலையே எழுதினார். ஒரு வரியில் குறைந்தது இரண்டு அடைப்பு இருந்தால் மட்டும் காட்டும்படி டீச்சர் அதைக் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தார். மாற்று பெட்டியின் பக்கம் இரண்டு பேரும் போகவில்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள் வந்தன.

"முந்நூத்திப் பன்னிரண்டு பேர்" என்றார் அமிர்தலிங்கம்.

"படிங்க ஐயா."

படித்தார். ஊரார் வலியைப் படிக்கத் தெம்பில்லை என்றவர், ஒரு வரிகூட விடாமல் படித்தார். பிழைத்த மகன் மறுவருஷம் பள்ளிக்கூடம் போகப் போகிறான் என்று இருந்தது. [இந்த இடத்தில் சிரித்த முகம் வரைந்திருக்கிறது] என்றும் இருந்தது. அப்பாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தது பக்கத்து அறைப் பிள்ளைத்தாச்சிப் பெண். எழுதினவர்கள் பாதிப் பேர் இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதியிருக்க வேண்டும். எப்படியோ ஜெய்துன் பீவி அதைக் கண்டுபிடித்துக் குறித்திருந்தார்.

இருநூற்று நாற்பதாவதோ என்னவோ, அந்தச் சாவி வரி வந்தது. முழுசு என்று நினைத்த வரி. அது முழுசு இல்லை.

'கேட் சாவியை என்னிடம் கொடுத்துவைத்ததற்கு நன்றி. [முதல் வாக்கியம் நேராக இருக்கிறது. இதிலிருந்து எழுத்து நடுங்குகிறது] தினமும் நாலு மணிக்குப் போய்த் திறந்துவைத்துவிட்டு வந்து படுத்துக்கொள்வேன். இவருக்குத் தெரியாது. தெரிந்தால் வேண்டாம் என்பார். பூட்டே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இந்த வியாதி வந்ததிலிருந்து எல்லாரும் எனக்கே செய்கிறார்கள். [பேனா இங்கே வெகுநேரம் நின்றிருக்கிறது. பெரிய மைப் புள்ளி] நான் ஒருவருக்குச் செய்ய இங்கே ஒரு வேலை கிடைத்தது. இவர் தட்டாமல், நிற்காமல் நேரே உள்ளே வரும் செருப்புச் சத்தம் கேட்கும். அது போதும். நன்றி. [ஓரத்தில் ஒரு படம். மூன்று பெட்டிகள், கீழே சக்கரங்கள். கடைசிப் பெட்டி வாசலில் ஒரு ஆள். அவர் கோட்டை முழுக்கப் பேனாவால் கறுப்பாக்கியிருக்கிறது. இதற்கு மட்டும் கை நடுங்கவில்லை]'

அமிர்தலிங்கம் இரண்டாம் தடவை படித்தார்.

மூன்றாம் தடவை படிக்க முடியவில்லை. கண்ணை மறைத்தது.

"டீச்சர்."

"சொல்லுங்க ஐயா."

"நம்ம கேட்டுக்கு எப்ப பூட்டுப் போட்டாங்க?"

"கேட் போட்ட அன்னைக்கே போட்டதுதான் ஐயா. அதே பூட்டுதான் இன்னைக்கும்."

அவர் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். அறுபத்தொரு வயதில் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். இருபத்திரண்டு வருஷமாக, திட்டியிருப்பாளோ என்று சுமந்துகொண்டிருந்தது அத்தனையும் இறங்கியது. டீச்சர் மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

*

மறுநாள் காலை கேட் திறந்ததும் அமிர்தலிங்கம் முதல் ஆளாக வந்தார். கேட்டைப் பற்றி ஒரு புகாரும் இல்லை. நேரே பின்கட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் வெகுநேரம் எதையோ அடித்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் வந்து பின்னால் நின்று பார்த்தார். கோப்பின் கடைசியில், பதினோராயிரத்து நானூறு வரிகளுக்கும் கீழே, புதிதாக ஒரு வரி இருந்தது.

[இந்த அடைப்புகளுக்குள் இருக்கும் எல்லாவற்றையும் எழுதியவர் ஜெய்துன் பீவி, கோர்ட் வாசல். அவருக்கு நன்றி.]

"ஐயா, ஏட்டுல பேர் எழுதக் கூடாதே. ஊரும் விலாசமும் எழுதக் கூடாதே."

அமிர்தலிங்கம் திரும்பிப் பார்க்கவில்லை. மூடும் அடைப்பின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

"ஏட்டுல எங்க டீச்சர் எழுதினேன்? அடைப்புக்குள்ளதானே எழுதியிருக்கேன்."